அச்சத்துக்கு ஒரு நேரம்

அச்சத்தைப் பற்றித் தமிழில் இரண்டு பேச்சுகள் உண்டு. தொல்காப்பியக் களவியல் அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியவை என்கிறது. ஆணுக்கு உரியவையாக அதற்கு முந்தைய நூற்பா சொல்வது பெருமையையும் வலிமையையும். திருக்குறளின் அறிவுடைமை அதிகாரமோ அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்கிறது. அஞ்சுவதை அறிவுள்ளவர்கள் செய்யும் தொழிலாக வைக்கிறது. ஒன்றில் அச்சம் ஒரு பாலின் இயல்பு, மற்றொன்றில் அது அறிவின் வேலை. இரண்டையும் நான் வகுப்பில் நடத்துகிறேன். மாணவிகள் இரண்டையும் எழுதிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போனால் ஒரே வாய் ஒரே நாளில் "எதுக்கெடுத்தாலும் பயந்து சாகாதே" என்றும் "பொம்பளப் பிள்ளைக்குக் கொஞ்சமாவது பயம் வேணாமா" என்றும் சொல்வதைக் கேட்கிறார்கள்.

எந்த அச்சத்தை வைத்துக்கொள்வது, எதை இறக்கி வைப்பது? இது அறவியலின் பழைய கேள்வி. இதை நான் யோசிக்கத் தொடங்கியது சைடு வீல் பொருத்திய ஒரு ஸ்கூட்டரில், இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது.

அந்த வண்டியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கியர் இல்லாத சாதாரண ஸ்கூட்டர்தான். பின் சக்கரத்தின் இருபுறமும் இரும்புச் சட்டத்தில் ஒவ்வொரு சக்கரம் பொருத்தியிருக்கும். எண்ணினால் நான்கு சக்கரம் வரும், ஆனாலும் ஊர் அதை மூணு சக்கர வண்டி என்றுதான் சொல்லும். இரண்டு பிரேக்கும் கையிலேயே இருப்பதால் காலுக்கு வேலை இல்லை. நின்றாலும் சாயாது, சிக்னலில் கால் ஊன்ற வேண்டியதில்லை. ஒன்றரை வயதில் போலியோவில் வலது கால் சூம்பிப்போன என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி வசதிதான் எல்லாம். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அந்தச் சொட்டு மருந்து வந்து சேராத வீடுகளில் பிறந்த நாங்கள் இப்போது நடுவயதில் இருக்கிறோம்.

இந்த வண்டிக்குச் சட்டம் வைத்திருந்த பெயரையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான வாகனத்தின் பெயர் 'இன்வேலிட் கேரேஜ்'. இன்வேலிட் என்றால் நலிந்தவர் என்று பொருள். அதே எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றி உச்சரித்தால் செல்லாதது என்று பொருள். தமிழில் 'செல்லாத' என்ற சொல்லுக்கு மதிப்பற்ற என்றும், போகாத என்றும் இரண்டு அர்த்தம். இரண்டும் எங்கள் தலையில் ஏறியிருந்தன. 2019இல் வந்த திருத்தம் அந்தப் பெயரை நீக்கிவிட்டுத் 'தகவமைத்த வாகனம்' என்று பொருள்படும் சொல்லை வைத்தது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் தகவமைப்பு வெல்டிங் பட்டறையோடு முடிந்துவிடுவதில்லை. மிச்சத்தை ஓட்டுகிறவளின் உடல் செய்ய வேண்டியிருக்கிறது. அது தொடங்கும் இடம் வளைவு.

நேராகப் போகும்போது இந்த வண்டியைப் போல ஒரு சாது கிடையாது. திரும்பும்போதுதான் அதன் குணம் தெரியும். இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். அந்தச் சாய்வுதான் வெளியே தள்ளும் விசைக்குப் பதில் சொல்கிறது. அதனால்தான் வேகமாக வளைகிற பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கும் விழுவதுபோலத் தோன்றுவதில்லை. சைடு வீல் வண்டி சாயாது. நிற்கும்போது நம்மை விழாமல் காக்கும் அதே சக்கரங்கள் திரும்பும்போது அதைச் சாயவிடுவதில்லை. இடப்பக்கம் திருப்பினால் உடல் வலப்பக்கம் தள்ளப்படுகிறது. இடப்பக்கச் சக்கரம் தரையில் அழுந்தாமல் லேசாகிறது, வேகம் கூடினால் எழும்பியே விடும். இருபதில் எடுத்த வளைவை நாற்பதில் எடுத்தால் வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்.

புதிதாக ஓட்டுகிறவள் அந்த நொடியில் என்ன செய்வாள்? உடலை விறைத்துக்கொள்வாள். வெளியே தள்ளப்படும் பாரத்தையெல்லாம் ஹேண்டில் பாரைப் பிடித்துத் தாங்கப் பார்ப்பாள். அப்படித் தொங்கினால் கை நேராகிவிடும், வண்டி திரும்ப வேண்டிய அளவு திரும்பாமல் எதிர்ப்பக்கத்துக்குப் போகும். அங்கே ஒரு பேருந்து வந்துகொண்டிருக்கும். கண் அந்தப் பேருந்தைவிட்டு நகராது. பயத்தில் நடு வளைவில் பிரேக்கைப் பிடிப்பாள். ஒவ்வொன்றும் தற்காப்புக்காக உடல் செய்வதுதான். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும்.

நான் இருப்பது புதுக்கோட்டை. செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் அகலமான நேர் வீதிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். முதல் இரண்டு வாரம் அந்தப் பெருமை எனக்குத் தொல்லையாக இருந்தது. எந்த வீதியில் போனாலும் அதன் முனையில் ஒரு முழுத் திருப்பம் காத்திருந்தது.

இந்த ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் இங்கே சைக்கிள் கற்றார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். பெண் சுதந்திரம் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் நான் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. காலில் காலிப்பர் போட்டிருந்தேன். மைதானத்தில் என் அத்தையும் சித்தியும் விழுந்து விழுந்து கற்றுக்கொள்வதைத் திண்டில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இயக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெண்ணின் விடுதலையை மிதிபெடலால் அளந்தபோது மிதிக்க முடியாத காலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லாமல் போனது. பெண் உடலைப் பற்றி நாம் பேசும்போது எந்த உடலை மனதில் வைத்துப் பேசுகிறோம் என்று கேட்க நான் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளில் நான் போகாமல் இருந்ததில்லை. தம்பியின் பைக், ஆட்டோ, கணவரின் பைக் என்று கல்லூரிக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். யாரும் என்னை எங்கும் போகாதே என்று சொன்னதில்லை. "எங்க போகணும் சொல்லு, கொண்டு விடுறேன்" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கவனிக்க வேண்டும். பிறர் ஓட்டும் வண்டியில் போகிறவள் போகுமிடத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், சொன்ன இடம் காரணத்தோடு இருக்க வேண்டும். 'அந்தத் தெருவில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு வரலாம்' என்று ஆட்டோக்காரரிடம் சொல்ல முடியாது. கீழராஜ வீதியில் போகும்போது திடீரென்று பழைய தோழியின் நினைவு வந்தால், அவள் வீட்டுப் பக்கம் திரும்ப முடியாது. சார்ந்து வாழ்வதில் தொலைவுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. திருப்பத்துக்குத்தான் பஞ்சம். பெண்களின் நடமாட்டச் சுதந்திரத்தை எவ்வளவு தூரம் போனாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்றே அளந்து பழகிவிட்டோம். யாரிடமும் சொல்லாமல் ஒரு திருப்பம் திரும்ப முடிந்ததா என்றும் அளக்க வேண்டும்.

அதனால்தான் வளைவில் வந்த அச்சம் எனக்கு வெறும் ஓட்டுநர் பிரச்சினையாகத் தோன்றவில்லை. வண்டி வாங்கியும் நேர்க்கோட்டில் மட்டும் போவதென்றால் பழைய ஆட்டோவே போதும்.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் வெளியான ஒரு கட்டுரையில், பெண்கள் பந்து எறியும் விதத்தை ஆராய்ந்தார். ஒரு செயலுக்குப் பெண் தன் முழு உடலையும் கொடுப்பதில்லை, கை மட்டும் அசைகிறது, மிச்ச உடல் அப்படியே நிற்கிறது என்றார். இதற்குக் காரணம் பிறப்பு இல்லை, பிறர் பார்வைக்குரிய பொருளாகவே தன் உடலை வளர்த்துக்கொள்ளப் பழக்கப்பட்டதுதான் என்றார். 'என்னால் முடியும்' என்பதும் 'என்னால் முடியாது' என்பதும் ஒரே அசைவுக்குள் மோதிக்கொள்கின்றன என்பது அவர் கண்டது. மணிக்கட்டால் மட்டும் ஹேண்டிலைத் திருப்பிவிட்டு இடுப்புக்கு மேல் மரமாக உட்கார்ந்திருந்த என்னை அந்த வரிகளில் அடையாளம் கண்டேன். பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பு பறக்காமல் பார்த்துக்கொண்டே வளர்ந்த உடல் அது. வளைவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எப்போதும் முன்னால் இருப்பவருடையது.

ஆனால் அதே கட்டுரையில், ஆணாதிக்கச் சமூகத்தில் பெண்கள் உடல் ஊனமுற்றவர்களாக இருக்கிறார்கள் என்று பொருள்படவும் யங் சொல்கிறார். நான் அங்கே நின்றுவிட்டேன். ஊனம் எனக்கு உவமை கிடையாது. அது என் வலது கால். கட்டுப்படுத்தப்பட்ட உடலுக்கு எதிர்ப்பக்கத்தில் யங் வைப்பது தடையில்லாமல் விரியும் முழு உடலை. அந்த உடல் எங்களில் பலருக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. அப்படியென்றால் எங்களுக்கு 'என்னால் முடியும்' கிடையாதா?

இதற்குப் பதில் எனக்கு ஒரு தையற்கடையில் கிடைத்தது. திருக்கோகர்ணத்தில் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் பதினைந்து வருடமாக இந்த வண்டி ஓட்டுகிறார். அவருக்கு இரண்டு காலும் பாதிப்பு. நன்றாகக் கால் இயங்கும் என் தம்பி சொல்லிக்கொடுத்தது "தொடையால சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்று. என் தொடையால் அது முடியாது. அக்காவின் பாடம் வேறு. "காலை மறந்துருங்க டீச்சர். இடுப்பை வச்சு ஓட்டுங்க. இடப்பக்கம் திரும்புறீங்கன்னா, திரும்புறதுக்கு முன்னாடியே சீட்டுல இடப்பக்கமா நகந்து உக்காந்துக்கணும். வண்டி சாயாது, அதனால நீங்க சாயணும். நாடியை எங்க திருப்புறீங்களோ வண்டி அங்க வரும்." ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் செங்கல் வைத்து எட்டுப் போடச் சொன்னார். எட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி வரும். ஒரு பக்கத்துப் பழக்கம் மறுபக்கத்துக்கு உதவாது. வெளியே தெரியும் சக்கரத்தைத் திரும்பிப் பார்க்காமல் செங்கல்லை இடிக்காமல் போக வேண்டும் என்பது அவர் விதி.

மெர்லோ-போன்டி 1945இல் எழுதிய நூலில் ஒரு பெண் வருகிறாள். அவள் தொப்பியில் நீளமான இறகு. வாசலில் நுழையும்போது அந்த இறகு இடிக்குமா என்று அவள் அளந்து பார்ப்பதில்லை, இறகு எதுவரை நீள்கிறதோ அதுவரை அவள் உடல் நீண்டுவிட்டது என்கிறார். பார்வையற்றவரின் கைத்தடியும் அவர் காட்டும் உதாரணம்தான். தடியின் நுனிதான் அவருக்குத் தொடும் விரல். மூன்றாவது வாரத்தில் என் சைடு வீல்கள் எனக்கு அப்படி ஆயின. இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் குழிகளுக்கு நடுவே ஒற்றைக் கோட்டில் வளைந்து போய்விடலாம். எங்கள் வண்டி மூன்று கோட்டில் போகிறது, ஒரு கோடு தப்பினால் இன்னொன்று குழியில் இறங்கும். அந்த மூன்று கோடும் இடுப்பில் தெரியத் தொடங்கியது. சாலை ஓரமாகச் சரியும் இடத்தில் ஹேண்டில் இடப்பக்கம் இழுப்பது முன்பே தெரியத் தொடங்கியது. யங் சொன்ன விரிந்த உடல் எனக்கு வந்தது காலைச் சரிசெய்ததால் இல்லை, இரும்பையும் ரப்பரையும் உடலுக்குள் சேர்த்துக்கொண்டதால். 'என்னால் முடியும்' என்பதற்கு முழுமையான உடல் முன்நிபந்தனை கிடையாது. நமக்கு இருக்கும் உடலைக் கேட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர் தேவை. பெரும்பாலும் அவர் நம்மைப் போன்ற உடல் உள்ளவராக இருப்பார்.

அக்கா சொன்ன இன்னொன்றுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். 'பயப்படாதீங்க' என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "திரும்புறதுக்கு முன்னாடி நல்லா பயப்படுங்க. திரும்பும்போது பயப்படாதீங்க."

வளைவுக்கு முன் அச்சத்துக்குச் செய்ய வேலை இருக்கிறது. வேகத்தைக் குறைப்பது, எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பது, மணல் கிடக்கிறதா என்று கவனிப்பது, உட்கார்ந்த இடத்தை மாற்றுவது, பிரேக்கை அப்போதே பிடித்து முடித்துவிடுவது. இதெல்லாம் அச்சம் செய்யும் வேலை. வளைவுக்குள் நுழைந்தபின் அதற்கு வேலை இல்லை. அங்கே அது கையை விறைக்க வைக்கும், நடுவில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அப்போது கண் போக வேண்டியது வளைவு முடியும் இடத்துக்கு. கை ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால் வண்டி தானாக நிலைப்படும்.

குறள் அச்சத்தைத் தொழில் என்று சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. தொழிலுக்கு ஒரு நேரம் உண்டு. அதைத் தொடங்கலாம், முடிக்கலாம், முடிந்தபின் கை கழுவலாம். அரிஸ்டாட்டில் துணிவைப் பற்றிச் சொல்லும்போதும் அச்சமே இல்லாதவரைத் துணிந்தவர் என்று சொல்வதில்லை. எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு, எப்போது அஞ்ச வேண்டுமோ அப்போது அஞ்சுகிறவரைத்தான் சொல்கிறார். அவர் மனதில் இருந்தது போர்க்களத்தில் நிற்கும் ஆண், தையற்கடைக்காரப் பெண் அந்த நூலில் வரமாட்டார் என்பது வேறு விஷயம். தொல்காப்பிய நூற்பாவில் ஒரு சொல் இருக்கிறது, நாம் அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். 'நிச்சமும்' என்ற சொல். எப்போதும் என்று பொருள். அந்த நூற்பா காதல் ஒழுக்கத்தைப் பற்றிய இடத்தில் வருகிறது, அதைப் பொதுவிதியாக்கியது பின்வந்த சமூகம் என்று வாதிடலாம். அந்த வாதத்தை நானே வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் சிக்கல் அச்சம் என்ற சொல்லைவிட அதிகமாக 'எப்போதும்' என்ற சொல்லில் இருக்கிறது. எப்போதும் இருக்கும் அச்சம் எதையும் பார்க்காது. மணல் கிடக்கும் வளைவும் வெறும் வளைவும் அதற்கு ஒன்றுதான். எனவே அது எச்சரிக்கவும் உதவாது.

பாதுகாப்பைப் பற்றியும் இப்படித்தான் கேட்க வேண்டும். சைடு வீலை விலங்கு என்று கவிதை எழுதுவது சுலபம். அப்படி எழுத நான் தயாராக இல்லை. அது இல்லாமல் என்னால் ஒரு சிக்னலில்கூட நிற்க முடியாது. குடும்பத்தின் காவலையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடிகிற பெண்கள் மிகச் சிலர். ஆனால் எந்தத் தாங்குதலும் சும்மா வருவதில்லை. நிற்கும்போது தாங்குவது திரும்பும்போது எதிர்க்கும். அதைத் தருகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. வண்டி கொடுக்கும் விழாவில் சாவி கொடுப்பார்கள், மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். வளைவு எப்படி எடுப்பது என்று சொல்லித்தர அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். விழாமல் இருந்தால் போதும் என்று நமக்காக முடிவாகியிருக்கும். திரும்ப ஆசைப்படுவோம் என்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இதில் ஒரு கடினமான இடம் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு விளக்கில்லாத புறவழிச்சாலையில் போக எனக்குப் பயம். அது எந்த அச்சம்? குறளின் அச்சமா, 'எப்போதும்' என்னும் அச்சமா? அந்தச் சாலையில் இரண்டு இளைஞர்கள் பைக்கில் ஒட்டி ஒட்டி வந்து ஹாரன் அடித்ததுண்டு. ஆகவே அது கற்பனை கிடையாது. நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இதுதான். இந்த அச்சம் எனக்குச் செய்ய ஏதாவது வேலை தருகிறதா? அந்த வேலை முடிந்தால் அச்சமும் முடியுமா? வளைவின் அச்சம் 'மெதுவாகப் போ' என்கிறது. அதைச் செய்தால் அது அடங்குகிறது. புறவழிச்சாலையின் அச்சம் 'வராதே' என்று மட்டும் சொல்கிறது. நான் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அது அடங்காது. ஏனென்றால் அதில் செய்ய வேண்டிய வேலை என்னுடையது கிடையாது. விளக்குப் போட வேண்டியவர்களுடையது, ரோந்து வர வேண்டியவர்களுடையது, மகன்களை வளர்ப்பவர்களுடையது. பிறர் செய்யாமல் விட்ட வேலை பெண்ணின் உடலில் பயமாக வந்து தங்கியிருக்கிறது. நான் இப்போதும் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போவதில்லை. ஆனால் அதை என் இயல்பு என்று ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டேன். அது பிறரிடமிருந்து எனக்கு வர வேண்டிய கடன்.

மாணவிகளிடம் இப்போதெல்லாம் பயப்படாதே என்று நான் சொல்வதில்லை. அது பொய்யான அறிவுரை. வண்டி ஓட்டினாலும், காதலித்தாலும், ஆய்வு நெறியாளரிடம் மாற்றுக் கருத்துச் சொன்னாலும், வேண்டாத திருமணத்தை மறுத்தாலும் பயம் வரத்தான் செய்யும். பயமாக இருக்கிறது என்று வருகிறவளிடம் எப்போது பயமாக இருக்கிறது என்று கேட்கிறேன். முடிவெடுக்கும் முன்பா, எடுத்த பின்பா? முன்பு என்றால், அந்தப் பயத்தை உட்காரவைத்து என்னென்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். பணம், தங்குமிடம், துணைக்கு யார், சட்டம் என்ன சொல்கிறது என்று பட்டியல் வரும். அவற்றில் பாதி செய்து முடிக்கக் கூடியவையாக இருக்கும். எடுத்த பின்பு என்றால், நடு வளைவில் பிரேக் பிடிக்காதே, முடியும் இடத்தைப் பார் என்கிறேன். எப்போதும் பயமாக இருக்கிறது என்றால், அது அவளுடையதுதானா, யார் கொடுத்து வைத்தது என்று இருவரும் உட்கார்ந்து பேசத் தொடங்குகிறோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு நாளில் முடிவதில்லை.